பவளம் சொன்ன அசதி

போன மாதம் ஒரு தம்பி என்னைத் தேடி வந்திருந்தார். மலையகத்தில் டயகமப் பக்கத்தில் நான் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்த அதே தோட்டத்தில் இப்போது வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறார். அவருடைய டிவிசனில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறாளாம். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து வேலைக்கு வருகிறாள், பத்து மணிக்கு ஏலவில்லை என்று உட்கார்ந்துவிடுகிறாள். “பாத்தா நல்லாத்தான் இருக்காங்க ஐயா. நம்புறதா வேணாமான்னு தெரியல” என்றார்.

நம்புங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. ஏதோ கொஞ்சம் சொன்னேன். அவர் போன பிறகு மிச்சத்தை எழுத உட்கார்ந்தேன்.

இலங்கை சுதந்திரம் அடைந்த மறு வருடம், தலவாக்கலையில் எட்டாம் வகுப்பு முடித்த கையோடு தோட்டத்தில் சேர்ந்தேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொஞ்ச காலம் தராசு பிடித்தேன். தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுகிற கவ்வாத்து மலைகளில் கொஞ்ச காலம் அலைந்தேன். பிறகு கீழ் டிவிசனுக்குக் கணக்கப்பிள்ளையாகப் போட்டார்கள். தொழில் கற்ற கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னை ஆட்டிவைத்தவர் பெரிய கண்டாக்கு. துரைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று வெளிவேலை முழுவதையும் பார்க்கிறவரைத் தோட்டத்தில் கண்டாக்கு என்போம். எங்களவர் யாழ்ப்பாணத்துக்காரர். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை மேசு என்கிற காலுறை, கையில் ஒரு பிரம்பு. அந்தப் பிரம்பை ஒருநாளும் அவர் ஓங்கியதில்லை. செடிக்கு நடுவே கொடியோ புல்லோ தெரிந்தால் அதன் நுனியால் தொட்டுக் காட்டுவார், அவ்வளவுதான். குரலும் அப்படியே. நான் ஏதாவது வளவளவென்று விளக்கம் சொல்லத் தொடங்கினால், “நீர் கண்டதைச் சொல்லும். நினைச்சதை என்னட்டைச் சொல்ல வேண்டாம்” என்பார். 

காலையில் தப்பு அடித்ததும் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் வருவார்கள். பெரட்டு என்றால் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. பெண்கள் கூடையோடும், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடும், மழைக்குக் கம்பளியோடும் வரிசையாக நிற்பார்கள். இன்றைக்கு எத்தனையாம் நம்பர் மலை, யாருக்கு எந்த நிரை என்று நான் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லாதவர்கள் இடது பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். அவர்களை டிஸ்பென்சரிக்கு அனுப்புவேன். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். கண்டாக்கையாவின் சட்டத்தில் அரைப்பேர் என்பது மழைக்கும் சாவு வீட்டுக்கும்தான். மற்றபடி வேலைக்கு வந்தவர் முழுதாக வேலை செய்ய வேண்டும், முடியாதவர் லயத்து வீட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று கிடையாது. நானும் அதைத்தான் சரி என்று நம்பினேன்.

நான் கணக்கப்பிள்ளையாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்போதுதான் பவளத்துக்கு நோய் வந்தது.

பவளத்துக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள். நல்ல கொழுந்துக்காரி. கை இரண்டும் செடி மேல் ஓடுவது தெரியாது, கூடை நிறைந்திருக்கும். புருஷன் சின்னச்சாமி கவ்வாத்து வேலை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டாவதாகக் கர்ப்பமானாள். மூன்றாம் மாதத்திலேயே இரத்தம் போய் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வயிற்றில் பிள்ளை இல்லை, முத்துப்பிள்ளை என்றார்கள். கரு பிள்ளையாக வளராமல் திராட்சைக் குலை போல ஆகிவிடுவது. அதை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து இருமினால் சளியில் இரத்தம் வந்தது. கொழும்புக்கு அனுப்பிப் படம் எடுத்ததில், வயிற்றில் மிஞ்சியது புற்றாகி நெஞ்சு வரை போயிருந்தது தெரிந்தது.

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரை எல்லோரும் டாக்டரையா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் எனக்கு விபரம் சொன்னார். இதற்குப் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, சில வருடங்களுக்கு முன்பென்றால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். ஐந்து நாள் கொழும்பு வார்டில் வைத்து மருந்து கொடுப்பார்கள். பதினைந்து இருபது நாள் வீட்டில் இருக்கலாம். மறுபடி ஐந்து நாள். நோய் இருக்கிறதா போய்விட்டதா என்பதை மூத்திரத்தில் பார்ப்பார்கள். அதை ஒரு தவளைக்கு ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்களாம். கர்ப்பம் இருந்தாலும் தவளை காட்டும், இந்த நோய் இருந்தாலும் காட்டும். லயத்தில் இந்தத் தவளைக் கதை பரவி, பிள்ளைகள் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் தவளை பிடித்துக்கொண்டு பவளத்தின் வாசலுக்கு வந்து நின்றதும் உண்டு.

முதல் தடவை மருந்து முடித்து வந்த எட்டாம் நாள் பவளம் பெரட்டுக்கு வந்தாள். முதல்நாள் சாயந்தரம் பீலியடியில் மற்றப் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். அதனால் எதுவும் கேட்காமல் வழக்கமான நிரையைக் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு நான் மலை சுற்றி வரும்போது அவள் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கூடை பக்கத்தில் கிடந்தது, அடி மறைகிற அளவுக்குக்கூடக் கொழுந்து இல்லை.

“நேத்து நல்லாத்தானே சிரிச்சிக்கிட்டு இருந்த? வேலைன்னா மட்டும் ஏலாதா?” என்றேன்.

நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து நிரைகளில் கை நின்றது. பவளம் எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். “காலு ரெண்டும் என்னுதா இல்லைங்க ஐயா” என்றாள். அதோடு கூடைக் கயிறு தலையில் பட்டால் எரிகிறது என்றாள். மருந்தில் முடி கழன்று தலை புண்ணாகியிருந்தது. துண்டால் மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

அவளை லயத்துக்கு அனுப்பிவிட்டேன். அன்றைக்கு அவளுக்குப் பேர் போடவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். லயத்தில் கிடக்க வேண்டியதுதானே என்று சின்னச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பேர் வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறாள் என்றான். பேர் இல்லாமல் லயத்தில் கிடந்தால், தான் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரிதான் என்று சொல்கிறாளாம்.

அது என்னை என்னவோ செய்தது. மலையில் நான் கத்தியதும் மனதில் கிடந்தது. அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அவள் கொழும்புக்குப் போயிருந்தபோது டாக்டரையாவிடம் லேசான வேலை கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஏலுமானால் கொடுக்கலாம் என்றார். எங்கே என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்டாக்கையாவிடம் போனேன். சட்டத்துக்கு வெளியே போகிற விஷயமாயிற்றே என்று தயங்கித்தான் போனேன். அவர் துரைக்கு உதவியாக இருந்த சின்னதுரையிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

பவளத்தைப் பிள்ளைக் காம்பராவில் போட்டேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். ஆயாவுக்கு உதவியாகத் தொட்டில் ஆட்ட வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுந்து நடக்கிற வேலை அதிகமில்லை. அவளுக்கும் சந்தோஷம். எனக்கு அவளைவிடச் சந்தோஷம். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டதாக ஒரு நினைப்பு.

அது மழைக்காலம். பிள்ளைக் காம்பரா முழுக்கச் சளியும் இருமலும். ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும், ஆயா ஒரு ஆளை என்னிடம் ஓடவிட்டாள். போய்ப் பார்த்தேன். பவளம் தொட்டிலுக்குக் கீழே சாக்கு விரிப்பில் சுருண்டு கிடந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உதடெல்லாம் புண். தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியவில்லை. டாக்டரையா வந்து தொட்டுப் பார்த்தார், பிறகு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

“இவளை இங்க யாரு வச்சது?” என்றார்.

நான்தான் என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பென்சிலின் ஊசி ஒன்று போட்டுவிட்டு, இந்த மருந்து நோயைக் கொல்கிறபோது உடம்பின் காவலையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது, மற்றவர்களுக்கு வெறும் சளி, இவளுக்கு அது உயிருக்கே ஆபத்து என்றார். கூட்டத்திலும் காய்ச்சல்காரர் பக்கத்திலும் இருக்கக்கூடாது என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது. பாக்டரி லொறியில் ஏற்றியிருந்த தேயிலைப் பெட்டிகளைப் பாதி இறக்கி, மெத்தை போட்டு, பவளத்தைப் படுக்கவைத்தோம். சின்னச்சாமி தலைமாட்டில் உட்கார்ந்தான். லொறி நுவரெலியாப் பாதையில் திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நேராகக் கண்டாக்கையாவின் பங்களாவுக்குப் போனேன். என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி என்றுதான் போனேன். நடந்ததைச் சொன்னேன். இந்த முறை விளக்கம் எதுவும் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன்.

“அந்தக் கடிதத்தை நீர் வாசிச்சீரோ?” என்றார்.

“இல்லைங்க ஐயா.”

 “சின்னதுரையிட்டைக் கையெழுத்து வாங்கினது நான். நானும் வாசிக்கேல்லை” என்றார். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்குக் கீழே வேலை பார்த்த வருடங்களில், தன் பிழை என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பது நாள் நுவரெலியாவில் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் பெரட்டு முடிந்ததும் டிஸ்பென்சரிக்குப் போய் ஏதாவது செய்தி உண்டா என்று கேட்பேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. ரொட்டியும் சம்பலும் வாயில் வைக்க முடியவில்லை, உப்புப் பட்டாலே எரிந்தது. சின்னச்சாமி வேலை முடிந்து வந்து கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, மூடி போட்ட டின்னில் ஊற்றி, பீலித் தண்ணீரில் வைத்துக் குளிர வைத்துக் கொடுப்பான். தலவாக்கலை கடைவீதியில் நாங்கள் சாமான் வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர் நானா, விஷயம் கேள்விப்பட்டுச் சவ்வரிசி ஒரு காகிதச் சரை கொடுத்துவிட்டிருந்தார். அது கொஞ்சம் இறங்கியது. ஆனால் மூன்றாம் தடவைக்குக் கொழும்பு போக வேண்டிய நாள் நெருங்கியதும் பவளம் வரமாட்டேன் என்றுவிட்டாள். சின்னச்சாமி அழுதும் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். அசையவில்லை.

கண்டாக்கையாவிடம் சொன்னேன். “நாளைக்குக் காலமை டாக்டரை அந்தக் கடிதத்தை அவளுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லும். நானும் வாறன்” என்றார்.

டிஸ்பென்சரி வராந்தாவில் பவளம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சின்னச்சாமி பக்கத்தில் நின்றான். கண்டாக்கையா வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தார். டாக்டரையா இங்கிலீசில் இருந்த கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அசதி அதிகமாக இருக்கும், ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் இரண்டாம் வாரத்தில் கூடும். வாயில் புண் வரும், மருந்து நின்றதும் ஆறிவிடும். முடி கொட்டும், மறுபடி முளைக்கும். காயம் பட்டால் இரத்தம் சீக்கிரம் நிற்காது. சோதனையில் நோய் இல்லை என்று வந்த பிறகும் இரண்டு தடவை மருந்து எடுக்க வேண்டும், அதோடு முடிந்துவிடும்.

வாய்ப்புண் பற்றிச் சொன்னபோதே பவளம் நிமிர்ந்துவிட்டாள். அவர் முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

“அப்ப இந்தப் புண்ணு நோயி இல்லைங்களா?”

“இல்ல. மருந்து செய்யிறது.”

“வயித்துல இருந்து நெஞ்சுக்கு வந்து, நெஞ்சுல இருந்து வாய்க்கு வந்துருச்சின்னுல்ல நெனச்சேன்” என்றாள். “எல்லாம் முடிஞ்சி போச்சி, இன்னமே எதுக்கு ஊசின்னு...”

 சின்னச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொழும்பு வார்டில் நர்ஸ்மார் சிங்களத்தில் பேசினார்கள், டாக்டர்மார் இங்கிலீசில் பேசினார்கள். இவளுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வருகிற அளவுக்குத்தான் தெரியும். அந்தக் கடிதம் இரண்டு மாதமாக எங்கள் கைகளில் இருந்தது. அவள் வியாதியைப் பற்றி அவளுக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது.

அப்போது கண்டாக்கையா முதல் தடவையாக அவளிடம் நேரே பேசினார். “பிள்ளை, ஒரு நாளிலை எந்த நேரம் உமக்கு உடம்பு கொஞ்சம் சுகமா இருக்கும்?”

அவள் யோசித்துவிட்டு, காலையில் வெயில் ஏறுகிறவரைக்கும் இரண்டு மணி நேரம் தாங்கும் என்றாள். அதற்குப் பிறகு அடுத்த அடி வைக்கப் பயமாக இருக்கும். தூங்கினாலும் போகாத அசதி என்றாள். அவர் என்னைப் பார்த்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் அவசரப்படவில்லை. டாக்டரையாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெளியில் உட்காரலாமா, மண்ணில் கை வைக்கலாமா, கத்தி பிடிக்கலாமா, பக்கத்தில் எத்தனை பேர் இருக்கலாம். பெரட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

கத்தி கூடாது என்றார். மண்ணிலும் கை வைக்க வேண்டாம் என்றார். அதனால் நாற்று மேடையில் உட்கார்ந்து பழுத்த இலை எடுக்கும் வேலை கொடுத்தேன். பன்னத்தழை போட்ட நிழல், காற்றோட்டம், கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு ஆள். காலையில் இரண்டு மணி நேரம். மருந்துக்குப் பிறகு வருகிற இரண்டாம் வாரம் வேலையே கிடையாது. வந்த நாளுக்கு அரைப்பேர். கண்டாக்கையா சட்டத்தை மாற்றிவிட்டதாக யாரிடமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் பேர் பதிகிற செக்ரோலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார்.

பவளம் மூன்றாம் தடவைக்குப் போனாள், நாலாவதற்கும் போனாள். உப்பும் அப்பச்சோடாவும் போட்ட தண்ணீரில் ஒரு நாளைக்கு ஆறு தடவை வாய் கொப்பளித்தாள். நாலாவதற்குப் பிறகு தவளை ஒன்றும் காட்டவில்லை என்று கடிதம் வந்தது. சொன்னபடி இன்னும் இரண்டு தடவை. அதோடு முடிந்தது.

முழுப் பேருக்கு வர அவளுக்கு எட்டு மாதம் ஆனது. அதையும் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் மருந்து முடிந்த மறுநாள் ஆள் பழையபடி ஆகிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முடி ஒரு விரல் அளவு முளைத்திருந்தபோதும் நிரையின் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். நான் பார்க்காதது போல அடுத்த நிரைக்குப் போய்விடுவேன்.

சில மாதத்துக்கு ஒரு தடவை மூத்திரம் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்று வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிறகு ஒருநாள் டாக்டரையா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் கடிதம் கிடந்தது. தவளை காட்டிவிட்டது.

சின்னச்சாமியை மலையில் தேடிப்போய்ச் சொன்னேன். சின்னச்சாமி கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றான். கொழும்புக்குப் போனார்கள். நெஞ்சுப் படத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் இப்போதே எதுவும் சொல்ல முடியாது, கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பவளம் பெரட்டுக்கு வந்து, வரிசையில் நிற்காமல் என்னிடம் நேராக வந்தாள்.

“அரைப்பேரு போடுங்க ஐயா. அசதியா இருக்கு” என்றாள்.

நோய் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“பயப்படாதீங்க. அந்த மருந்து அசதி, நோயி அசதி ரெண்டும் எனக்குத் தெரியும். இது அது இல்ல. இது புள்ளை அசதி. மூத்தவ வயித்துல இருந்தப்ப இப்பிடித்தான் இருந்திச்சி.”

கடிதம் வரட்டும் என்று நான் சொல்லவில்லை. அரைப்பேர் போட்டு நாற்று மேடைக்கு அனுப்பினேன். விஷயத்தைச் சொன்னபோது டாக்டரையா தலையை ஆட்டினார், அவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு இருந்தது.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒரு காலை டாக்டரையா அவளை உள்ளே படுக்கவைத்து, மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டார். வராந்தாவில் நானும் சின்னச்சாமியும் நின்றோம். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு அவர் குழலைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

“துடிக்குது” என்றார்.

சின்னச்சாமி படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நானும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து பவளத்தின் குரல் கேட்டது.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல.”